நோவின் வாயிலில் ஒரு காவலன்

ஓடி விளையாடும் குழந்தை வாசற்படியில் இடறி விழுகிறது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீரிட்டு அழுகிறது. அடுக்களையில் இருந்த தாய் ஓடோடி வருகிறாள். அவள் மருந்து எதனையும் தேடவில்லை. அடிபட்ட இடத்தைத் தன் உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுக்கிறாள். சிறிது நேரத்தில் அழுகை விம்மலாகிறது, விம்மல் சிரிப்பாகிறது. நாம் யாவரும் நாள்தோறும் காணும் காட்சி இது. எனினும், தடவுவதனால் நோவு தணிவது ஏன் என்னும் வினாவை நம்மிற் பெரும்பாலோர் எழுப்பியதே இல்லை.

அவ்வினாவை எழுப்பி அதற்கு விடையும் காண முற்பட்ட அறிஞர் இருவரின் சிந்தனையிலிருந்து ஒரு புதுமையான சிகிச்சை முறை தோன்றியது. முள்ளந்தண்டினுள்ளே மெல்லிய மின்கம்பியொன்றைப் பொருத்தி, அதன் வழியே சிறு மின்துடிப்புகளைச் செலுத்தி, மருந்துகளுக்கு மசியாத நோவைத் தணிக்கும் முறையே அது. இன்று பல நாடுகளின் வைத்தியசாலைகளிலே இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. அது எவ்வாறு பிறந்தது, என்ன செய்யவல்லது, எதனைச் செய்யமாட்டாது என்பவற்றை அறிந்துவைத்தல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தருவதாகும். ஏனெனில், தீராத நோவுடன் வாழும் ஒருவரேனும் இல்லாத உறவு வட்டம் அரிது.

ஊழியனும் கொடுங்கோலனும்

நோவு இயல்பிலே நமக்குப் பகையன்று. அது நம் உடலின் ஊழியன். நெருப்பிலே பட்ட கையை நொடிப்பொழுதில் இழுக்கச் செய்வது அது. முறிந்த எலும்பை அசைக்காதே என்று எச்சரிப்பது அது. பிறவியிலேயே நோவை உணரும் ஆற்றலற்றோர் சிலர் உளர். அவர்கள் கையைச் சுட்டுக்கொள்வர், நாவைக் கடித்துக்கொள்வர், மூட்டுகள் சிதைவதையும் அறியமாட்டார். அவர்களின் நிலையைக் கண்டோர், நோவும் ஒரு வரமே என்பதை ஒப்புக்கொள்வர்.

ஆனால், காயம் ஆறிய பின்னரும் அகலாத நோவு ஒன்று உண்டு. திருடன் போன பின்னும் விடியுமட்டும் குரைக்கும் நாய்க்கு அதனை ஒப்பிடலாம். எச்சரிக்கும் தொழில் முடிந்துவிட்டது. எச்சரிக்கை மட்டும் ஓயவில்லை. மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என வைத்தியர்கள் வகுத்துள்ளனர். அவற்றுள்ளும், நரம்பே பழுதுற்றதனால் எழும் நோவு மிகக் கொடியது. நாரியிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டும் காலில் ஓடும் எரிவு மாறாதவர்கள், நீரிழிவினால் பாதங்களின் நரம்புகள் பழுதுற்று இரவெல்லாம் தணல்மேல் நிற்பதுபோல் வருந்துபவர்கள், சிறு முறிவு ஒன்றுக்குப் பின் கைகால் வீங்கி, காற்றுப் பட்டாலும் பொறுக்கமாட்டாதவர்கள் எனப் பலர் இவ்வகையினர்.

இவர்களுக்குக் குளிசைகள் பல சமயங்களில் போதிய பயன் தருவதில்லை. அபினிலிருந்து பெறப்படும் வலிய மருந்துகளோ முதலில் ஆறுதல் தந்து, பின் அளவைக் கூட்டுமாறு கேட்டு, ஈற்றில் மனிதனையே அடிமை கொள்ள வல்லன. அனைத்தினும் பெரிய துன்பம் வேறொன்று. இந்நோவு எக்ஸ் கதிர்ப் படத்திலே தெரிவதில்லை. இரத்தப் பரிசோதனையிலும் அகப்படுவதில்லை. ஆதலால், "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என வைத்தியரும், "வேலைக்குக் கள்ளம்" என அயலாரும், சில வேளைகளில் வீட்டாரும் சொல்லிவிடுகின்றனர். உடலின் நோவோடு, நம்பப்படாமையின் நோவும் சேர்ந்துகொள்கிறது.

மணிக்கயிறும் மாயக் காலும்

நோவைப் பற்றி மேனாட்டார் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்தே இந்த நம்பிக்கையின்மைக்கு ஓரளவு காரணம் எனலாம். பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே டேக்கார்ட் 1650ஆம் ஆண்டு காலமானார். மனித உடலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1664இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. நெருப்பருகே பாதத்தை வைத்திருக்கும் சிறுவனின் படமொன்று அதில் உண்டு. கயிற்றின் ஒரு நுனியை இழுத்தால் மறு நுனியில் மணி ஒலிப்பதுபோல், பாதத்தில் பட்ட சூடு நரம்பின் வழியே மூளையிலுள்ள மணியை அடிக்கிறது என்பது அவர் விளக்கம். இதன்படி காயம் எவ்வளவோ நோவும் அவ்வளவு. காயம் இல்லையேல் நோவும் இல்லை.

ஆனால் உண்மை இத்துணை எளிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1944இல், அமெரிக்க வைத்தியர் ஹென்றி பீச்சர் இத்தாலியப் போர்முனையிலே கடுமையாகக் காயமுற்ற வீரர்களைக் கவனித்தார். உடல் சிதைந்து கிடந்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே நோவுக்கு மருந்து வேண்டும் என்றனர்! உயிரோடு போர்க்களத்தை விட்டு நீங்குகிறோம் என்ற எண்ணமே அவர்களின் நோவைத் தணித்திருக்கக்கூடும் என அவர் கருதினார். அங்கே காயம் பெரிது, நோவு சிறிது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்திலே கைகால் இழந்த வீரர் பலர், இல்லாத அவ்வுறுப்பு இன்னும் நோகிறது என முறையிட்டனர். வைத்தியர் சைலாஸ் உவெயர் மிச்செல் இதனை ஆராய்ந்து, 1871இல் "மாய உறுப்பு" என்ற பொருளுடைய பெயரை அதற்கு இட்டார். இங்கே உறுப்பே இல்லை. நோவு மட்டும் உண்டு. கயிறே இல்லாதபோது மணி ஒலிப்பது எங்ஙனம்?

இப்புதிரில் மனத்தைப் பறிகொடுத்தவர் கனடா நாட்டு உளவியலறிஞர் றொனால்ட் மெல்சாக். 1950களில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், கால் துண்டிக்கப்பட்ட பின்னரும் இல்லாத காலின் நோவினால் வருந்திய மூதாட்டி ஒருவரின் பேச்சைக் கேட்டார். தம் வேதனையை அம்மூதாட்டி விதம் விதமான சொற்களால் விவரித்தார். மெல்சாக் அவற்றைக் குறித்துக்கொள்ளலானார். நோவாளியின் வாய்ச்சொல்லையே ஆராய்ச்சிப் பொருளாக மதித்த அவ்வழக்கம் பிற்காலத்தில் பெரும் பயன் தந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

தடவும் கையின் இரகசியம்

மெல்சாக், பற்றிக் வோல் என்னும் பிரித்தானிய நரம்பியலறிஞருடன் சேர்ந்து 1965இல் "சயன்ஸ்" என்ற அமெரிக்க விஞ்ஞான இதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டார். நோவைப் பற்றிய கொள்கையை அடியோடு மாற்றியது அக்கட்டுரை. அதன் சாரம் இதுதான்:

உடலெங்குமிருந்து வரும் நரம்பு நார்கள் முள்ளந்தண்டினுள் இருக்கும் முண்ணாணைச் சென்றடைகின்றன. முண்ணாண் என்பது நம் சிறுவிரல் அளவு பருமனும் ஏறத்தாழ 45 சதம மீற்றர் நீளமும் உடைய நரம்புத்தண்டு. மூளையையும் உடலையும் இணைக்கும் பெருந்தெரு அது. அங்கு வந்து சேரும் நார்களுள் தடித்தவையும் உண்டு, மெல்லியவையும் உண்டு. தடித்த நார்கள் தொடுகை, தடவல், அழுத்தம் ஆகிய செய்திகளை விரைந்து கொணர்வன. மெல்லிய நார்கள் நோவைக் கொணர்வன; அவற்றுள் மிக மெல்லியவற்றில் செய்தி வினாடிக்கு இரண்டு மீற்றர் தூரங்கூடச் செல்வதில்லை. கல்லிலே கால் இடறியவுடன் முதலில் அடிபட்டது தெரிவதும், சற்றுப் பொறுத்தே உளைச்சல் வந்து சேர்வதும் இவ்வேறுபாட்டினாலேயே.

இச்செய்திகள் யாவும் நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை. முண்ணாணின் பின்புறக் கொம்பு எனப்படும் பகுதியிலே ஒரு வாயில் இருப்பதாக அவ்விருவரும் கூறினர். மெல்லிய நார்களின் செய்தி அவ்வாயிலைத் திறக்க முயல்கிறது. தடித்த நார்களின் செய்தி அதனை அடைக்க முயல்கிறது. மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பி வாயிலைத் திறக்கவோ அடைக்கவோ செய்யும். போர்வீரனின் நோவு தணிந்ததும், அச்சமும் கவலையும் மிகுந்த இரவுகளில் நோவு பெருகுவதும் மூளையின் கட்டளையாலேயே.

தாயின் கை ஏன் நோவைத் தணித்தது என்பது இப்போது புலப்படுகின்றதன்றோ? அவள் தடவியபோது தடித்த நார்கள் விழித்தெழுந்தன. வாயில் சிறிது அடைபட்டது. நோவின் செய்தி வாசலிலே தடுக்கப்பட்டது. தாயின் அணைப்பும் ஆறுதல் மொழியும் மூளை வழியாக அக்கதவை மேலும் சாத்தின. தாய்மார் அறியாமலே செய்துவந்த வைத்தியத்துக்கு விஞ்ஞானம் பிந்தி வந்து விளக்கம் கூறியது.

அவ்வாயிற் கொள்கையின் நுணுக்கங்கள் சில பின்னர் திருத்தப்பட்டன. ஆயினும், நோவு வெறும் மணிக்கயிறன்று, வழியிலே கூட்டவும் குறைக்கவும் படுவது என்ற அடிப்படை இன்றும் நிலைபெற்றுள்ளது.

மீனிலிருந்து மின்கலம் வரை

மின்சாரத்தைக் கொண்டு நோவைத் தணிக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிறிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், மின்சாரம் உண்டாக்கும் திருக்கை மீனை மருந்தாக விதித்துள்ளார். பாதத்திலே கடும் வாதநோவு உடையவர் ஈரமான கடற்கரையில் நின்று, உயிருள்ள அம்மீனின்மீது காலை வைக்க வேண்டும். முழங்கால்வரை விறைக்குமட்டும் அவ்வாறு நிற்க வேண்டும் என்பது அவர் கூறிய முறை. தீராத தலையிடிக்கும் அம்மீனையே தலையில் வைக்கச் சொன்னார். மின்சாரம் என்ற சொல்லே தோன்றாத காலம் அது!

வாயிற் கொள்கை வெளிவந்த பின் அப்பழைய எண்ணம் புதுவடிவு பெற்றது. தடித்த நார்கள் வாயிலை அடைக்குமாயின், மின்சாரத்தால் அவற்றைத் தட்டி எழுப்பினால் என்ன? வோலும், போஸ்ரன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் சுவீற்றும் முதலில் தம் முகத்து நரம்புகளிலேயே ஊசியைச் செலுத்தி மின்துடிப்பைப் பாய்ச்சிப் பார்த்தனர். பின்னர் தீராத நோவுடைய எட்டுப் பேரிடத்து அதனைச் சோதித்தனர். இரண்டு நிமிட நேரம் மின்துடிப்புச் செலுத்தியதால், புற நரம்பு பழுதுற்றிருந்த நால்வருக்கு அரை மணிக்கு மேலாக நோவு தணிந்தது. இம்முடிவு 1967இல் வெளியாயிற்று.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில் நோமன் சீலி என்ற நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் மேலும் ஒரு படி முன்னேறினார். ஒவ்வொரு நரம்பாகத் தேடுவானேன்? உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் தடித்த நார்களின் கிளைகள் யாவும் முண்ணாணின் பின்புறத்திலே ஒரே கட்டாக மேனோக்கிச் செல்கின்றன. அக்கட்டைத் தட்டினால் ஒரே முறையில் வாயில்கள் பலவற்றை அடைக்கலாம் அன்றோ? பொறியியல் மாணவரான தோமஸ் மோட்டிமர் கருவியை அமைப்பதற்கு உதவினார். நுரையீரற் புற்றுநோயினால் மார்பிலும் வயிற்றிலும் தாங்கொணா நோவுற்றிருந்த 70 வயது முதியவரின் முதுகிலே மின்வாய் பொருத்தப்பட்டது. மின்துடிப்புச் சென்றதும் நோவு தணிந்தது. நோயினாலே நலிந்திருந்த அம்முதியவர் அதன்பின் நெடுநாள் வாழவில்லை. ஆயினும், அவர் உடலிலே தொடங்கிய சோதனை ஒரு புதிய சிகிச்சைக்கு அடிகோலியது.

தொடக்ககாலக் கருவிகள் குறைபாடுடையன. முதுகெலும்பின் ஒரு பகுதியை அகற்றியே மின்வாயைப் பொருத்த வேண்டியிருந்தது. கம்பிகள் அறுந்தன. தகுதியறியாது பலருக்கும் பொருத்தியதால் ஏமாற்றங்களும் மிகுந்தன. சீலியே சில ஆண்டுகளில் இம்முறையைக் கைவிட்டார். எனினும், இதயத்தின் துடிப்பைச் சீராக்கும் கருவி வளர வளர, அதன் உடன்பிறப்பான இக்கருவியும் வளர்ந்தது. மின்கலம் உள்ளிட்ட முழுக் கருவியும் தோலின் கீழ் வைக்கப்படும் நிலை 1980களில் உண்டாயிற்று. தோலுக்கு வெளியிலிருந்தே மின்னூட்டக்கூடிய பற்றரி 2004இல் வந்தது.

ஒத்திகையின்றி அரங்கேற்றம் இல்லை

இன்று இச்சிகிச்சை நடைபெறும் முறையைக் கூறுவோம். நோவாளி குப்புறக் கிடத்தப்படுகிறார். முதுகிலே விறைப்பு மருந்து ஏற்றப்படுகிறது. எக்ஸ் கதிர்த் திரையைப் பார்த்தவாறே வைத்தியர், நாரிப் பகுதியில் முள்ளென்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, அதனூடாக மெல்லிய கம்பியை மேனோக்கித் தள்ளுகிறார். கம்பியின் நுனியிலே, பெரும்பாலும் எட்டு மின்வாய்கள் வரிசையாக அமைந்திருக்கும். அது முண்ணாணினுள் நுழைவதில்லை. முண்ணாணைச் சூழ்ந்த உறைக்கு வெளியேயுள்ள இடைவெளியிலேயே தங்குகிறது. கால் நோவுக்கும் நாரி நோவுக்கும், மார்புப் பகுதியின் எட்டாம் ஒன்பதாம் முள்ளென்புகளின் அளவில் அதனை நிறுத்துவது வழக்கம்.

பழைய முறையில் அப்போது நோவாளி விழித்திருப்பார். வைத்தியர் மின்துடிப்பை அனுப்பி, "எங்கே உணர்கிறீர்?" எனக் கேட்பார். முன்பு நோவு இருந்த இடமெங்கும் எறும்பூர்வதுபோன்ற இனிய கூச்சம் பரவுமானால் கம்பி உரிய இடத்தைச் சேர்ந்துவிட்டது என்பது பொருள். தாயின் கை செய்த வேலையை இக்கூச்சம் செய்கிறது.

ஆனால் கருவியை உடனே நிலையாகப் பொருத்துவதில்லை. இச்சிகிச்சையின் தனிச்சிறப்பு இதுவே. முதலில் சில நாட்களுக்குக் கம்பியின் மறுமுனை உடலுக்கு வெளியே ஒரு சிறு பெட்டியுடன் இணைக்கப்படுகிறது. நோவாளி வீடு சென்று நடந்தும் இருந்தும் படுத்தும் பார்க்கிறார். நோவு பாதியளவேனும் குறைந்ததா? உறக்கம் வந்ததா? நடக்கும் தூரம் கூடியதா? விடை ஆம் என்றால் மட்டுமே, இடுப்பின் மேற்புறத்திலோ வயிற்றுப் பக்கத்திலோ தோலின் கீழ் மின்கலம் வைக்கப்படும். இல்லையென்றால் கம்பி அகற்றப்படும். காரியம் அத்துடன் முடியும். பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு இத்தகைய ஒத்திகை பார்க்க இயலாதன்றோ?

பழைய கருவிகள் வினாடிக்கு 50 தடவை அளவில் துடிப்பன. 2015இல் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்த ஒருவகைக் கருவி வினாடிக்கு 10,000 தடவை துடிக்கிறது. அதிலே கூச்சம் எதுவும் உணரப்படுவதில்லை. கூச்சமின்றியே நோவு தணிவது எவ்வாறு என்பதற்கு வாயிற் கொள்கை மட்டும் போதிய விடை தரவில்லை. முண்ணாணின் மறுமொழியைத் தானே அளந்து மின்துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் கருவியும் அவுஸ்திரேலியாவில் உருவாகி, 2022இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

நிறையும் குறையும்

பயன் எத்தகையது? 2007இல் வெளியான ஆய்வொன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. கனடாவில் பணியாற்றிய நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர் கிருஷ்ண குமார் அதற்குத் தலைமை தாங்கினார். முதுகில் சத்திரசிகிச்சை செய்தும் கால் நோவு நீங்காத 100 பேர் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஆறு மாதத்தின் பின், கருவி பொருத்திய பிரிவினருள் நூற்றுக்கு 48 பேருக்குக் கால் நோவு பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் அந்நிலை அடைந்தோர் நூற்றுக்கு 9 பேரே. நீரிழிவினால் பாத நோவுற்ற 216 பேரைக் கொண்டு நடைபெற்று 2021இல் வெளியான ஆய்விலும் கருவி பெற்றோருக்குப் பெருநன்மை காணப்பட்டது.

இவற்றைக் கேட்டு மயங்கிவிடலாகாது. மேற்கூறிய ஆய்வுகள் கருவி செய்யும் நிறுவனங்களின் பொருளுதவியுடன் நடைபெற்றவை. தாம் கருவி பெற்றுள்ளோம் என்பதை நோவாளிகளும் அறிந்திருந்தனர். நம்பிக்கையே நோவைக் குறைக்கவல்லது என்பதை முன்னர்க் கண்டோம். ஆகவே நோர்வே நாட்டு ஆய்வாளர் வேறு வழியை நாடினர். உணர இயலாத வகை மின்துடிப்பைப் பயன்படுத்தி, 50 நோவாளிகளிடம் கருவியைச் சில மாதம் இயக்கியும் சில மாதம் நிறுத்தியும் வைத்தனர். எப்போது இயங்குகிறது என்பதை நோவாளிகள் அறியார். 2022இல் வெளியான முடிவின்படி, இயங்கிய காலத்துக்கும் இயங்காத காலத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! ஒருவகைத் துடிப்பை மட்டுமே சோதித்த ஆய்வு அது என மறுத்துரைப்போரும் உளர். நாரி நோவுக்கு இக்கருவி நீடித்த பயன் தருகிறது என்பதற்குச் சான்று போதாது என 2023இல் வெளியான கொக்கிறேன் மதிப்பாய்வும் கூறியது. அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

இடையூறுகளும் உண்டு. கிருஷ்ண குமாரின் ஆய்விலேயே, ஓராண்டுக்குள் நூற்றுக்கு 32 பேருக்குக் கருவி தொடர்பான சிக்கல் நேர்ந்தது. கம்பி இடம் விலகுதல், முறிதல், புண்ணிலே கிருமி தொற்றுதல் ஆகியன அவற்றுட் சில. மின்கலம் தேய்ந்தால் மீண்டும் கத்தி வைக்க வேண்டும். காந்தப் படப் பரிசோதனைக்கு முன் கருவியின் வகையை வைத்தியருக்கு அறிவித்தல் இன்றியமையாதது. விலையோ சாதாரண குடும்பம் எளிதில் தாங்கக்கூடியதன்று. இவை அனைத்துக்கும் மேலாக ஒன்றை மறத்தலாகாது: இக்கருவி நோயைக் குணமாக்குவதில்லை, பழுதுற்ற நரம்பைப் புதுப்பிப்பதுமில்லை. கதவின்மேல் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

ஆதலால் இது முதலில் நாடும் மருந்தன்று. பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டி நிறுவனம் 2008இல் வகுத்த விதி நமக்கும் நல்ல அளவுகோலாகும். நரம்பிலிருந்து எழும் நோவாக இருத்தல் வேண்டும். நூற்றில் ஐம்பதுக்குக் குறையாத கடுமையுடன், ஏனைய சிகிச்சைகள் பெற்றும் ஆறு மாதமேனும் நீடித்திருத்தல் வேண்டும். ஒத்திகையிலே பயன் காணுதல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தாதவரிடம் "இதனைப் பொருத்தினால் எல்லாம் தீரும்" என ஒருவர் கூறுவாராயின், இரண்டாம் வைத்தியர் ஒருவரின் கருத்தையும் கேட்டறிதல் நன்று.

சொல்லே துணை

நரம்பின் நோவு எது, தசையின் நோவு எது என்பதை அறிவது எவ்வாறு? இங்கேதான் ஒறிகன் மூதாட்டியின் கதைக்கு நாம் திரும்புகிறோம். அவரிடமும் பின்னர் பலரிடமும் கேட்டுத் திரட்டிய சொற்களை மெல்சாக் வகைப்படுத்தினார். 78 சொற்கள், 20 பிரிவுகள் கொண்ட வினாத்தாளாக அதனை 1975இல் வெளியிட்டார். நோவை அளப்பதற்கு உலகெங்கும் பயன்பட்ட கருவிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. கம்பியும் கலமும் இல்லாத கருவி அது. காது ஒன்றே அதற்கு வேண்டியது.

நம் தமிழிலும் இச்செல்வத்துக்குக் குறைவில்லை. உளைகிறது, கடுக்கிறது, குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, விறைக்கிறது என நம் மூத்தோர் கூறும் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோவைக் குறிப்பன. எரிவு, மின்னல் வெட்டினாற்போன்ற தெறிப்பு, எறும்பூர்தல், துணி பட்டாலும் பொறுக்கமாட்டாமை ஆகியவை நரம்பு பழுதுற்றதைச் சுட்டும் குறிகள். உளைவும் கடுப்பும் பெரும்பாலும் தசையிலும் மூட்டிலும் எழுவன. "நாரி நோகிறது" என்று மட்டும் சொல்லித் திரும்பும் நோவாளிக்கும், "நாரியிலிருந்து குதிக்கால்வரை எரிந்துகொண்டு ஓடுகிறது, இரவில் கூடுகிறது" எனச் சொல்லும் நோவாளிக்கும் கிடைக்கும் சிகிச்சை வேறுபடக்கூடும். ஆகையால், வீட்டிலே ஒருவர் நெடுநாள் நோவுற்றிருந்தால், அவர் கூறும் சொற்களை அப்படியே ஒரு கொப்பியிலே குறித்துவையுங்கள். எந்நேரம் கூடியது, எது செய்தால் தணிந்தது, எத்தனை மணி உறங்கினார் என்பவற்றையும் எழுதுங்கள். வைத்தியரிடம் செல்லும்போது அக்கொப்பியும் உடன்செல்லட்டும்.

வோல் 2001இலும் மெல்சாக் 2019இலும் காலமாயினர். அவர்கள் விட்டுச்சென்ற செல்வங்களுள் தலையாயது எது? வினாடிக்குப் பதினாயிரம் முறை துடிக்கும் கருவியன்று. காயம் கண்ணுக்குத் தெரியாவிடினும் நோவு மெய்யே என்பதை விஞ்ஞானத்தின் வாயால் கூறுவித்தார்களே, அதுவே தலையாயது. கருவி சிலருக்கே கிட்டும், சிலருக்கே பொருந்தும். ஆனால், நோவுற்றவர் சொல்வதை நம்பிக் கேட்கும் செவியும், அவர் அருகே அமர்ந்து ஆறுதலாகத் தடவும் கையும் எல்லா வீடுகளிலும் உண்டு. அழும் குழந்தைக்கு நாம் மறவாது அளிக்கும் அவ்வைத்தியத்தை, அழமாட்டாது அடக்கிக்கொண்டிருக்கும் முதியோருக்கும் அளிப்போமாக.